பாலைச் செலவு: படப்பை நண்பர் குழாத்தின் உல்லாசப் பிரயாணம் குறித்த ஓர் ஆராய்ச்சி

தொல்காப்பியனார் நிலத்தைப் பகுக்குமிடத்து முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல் என்னும் நான்கிற்கு மட்டும் இடங்கொடுத்துப் பாலைக்குத் தனிநிலம் ஒதுக்காமல் விட்டதும், பின்வந்த இளங்கோவடிகள் முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்தபொழுது கொள்ளும் வடிவமே பாலை என்று அமைதி கூறியதும் தமிழ் கற்றோர் யாவரும் அறிந்த விஷயங்கள். ஆயினும், தன் பெயரில் ஓர் அங்குலப் பட்டாவும் இல்லாத இத்திணையைக் கண்ணாரக் கண்டு வருவதற்கென்று, வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் உள்ள படப்பையிலிருந்து நடுவயதைக் கடந்த கனவான்கள் சிலர் வேன் அமர்த்திக்கொண்டு புறப்பட்ட செய்கைக்கு எவ்விலக்கணத்தில் விதி உண்டு என்பதை எந்த உரையாசிரியரும் இதுகாறும் ஆராய முற்படவில்லை. அவர்களுக்கு வேறு வேலை இருந்திருக்கலாம். நமக்கு இல்லாமையால் இக்கட்டுரை எழுந்தது.

முதற்கண் ஆராய்ச்சிக்கு உட்பட்ட குழாத்தை அறிமுகம் செய்தல் முறை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், மணிமங்கலம் சாலையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர் ஒருவர், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் பகல் இரவு பாராமல் ஷிப்டு மாறி உழைத்து, எவ்விருக்கையில் அமர்ந்தாலும் அக்கணமே உறங்கிவிடும் ஸித்தி கைவரப் பெற்றவர் ஒருவர், மனைத்தரகர் ஒருவர், இவர்களுடைய சம்பாஷணைகளைக் குறித்துக்கொள்ள உடன்சென்ற இவ்வாய்வாளன். அகத்திணையில் தலைவன் ஒருவனுக்குப் பாங்கன் ஒருவன் இருந்தால் போதும். இக்குழாத்திலோ அனைவரும் பாங்கர், தலைவன் என்று சொல்லத்தக்கவன் ஒருவனும் இலன். எந்த ஓட்டலில் வண்டியை நிறுத்துவது என்னும் எளிய பிரச்சினை விழுப்புரத்தில் தொடங்கித் திருச்சி வரையில் தீராமல் நீண்டதற்கு இந்த அமைப்புக் குறையே காரணம் என்பது நம் துணிபு.

இனி, பாலை வேட்கை இவர்களுக்கு எங்ஙனம் பிறந்தது என்பதே வினா. நீரில்லாத நாட்டார் நீரை நினைந்து ஏங்குவது இயற்கை. நீரற்ற இடத்தை நினைந்து ஏங்குவோரைக் காண வேண்டுமானால் தாம்பரத்துக்கு மேற்கே வரவேண்டும். படப்பை, மணிமங்கலம், ஆதனூர் முதலிய ஏரிகளின் உபரிநீர் ஒன்றுகூடி அடையாறு என்னும் நாமத்தைப் பெற்று, முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது; கடலை அடைவதற்கு முன் வழியிலுள்ள வீடுகளையும் ஒருமுறை விசாரித்துவிட்டுச் செல்வது 2015 டிசம்பர் முதலாக அதன் வழக்கமாயிற்று. 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபொழுது, கீழ்த்தளத்தில் மோட்டாரும், அதற்கு மேற்படியில் மோட்டார் பைக்கும், அதற்கும் மேற்படியில் பைக்கின் சொந்தக்காரராகிய தரகரும் நீரை நோக்கி நின்றிருந்த ஒரு மாலையில், அவர் திருவாயிலிருந்து பின்வரும் வாக்கியம் வெளிப்பட்டது:

"சார், தண்ணியே கண்ணுல படாத ஊரா பாத்து ஒரு தபா போய்ட்டு வரணும் சார்."

இவ்வாக்கியத்தையே இப்பிரயாணத்தின் மூலசூத்திரம் என்று கொள்க. அவ்வேரிகளின் வாய்க்கால்களுக்கு அருகே மனைகளை விற்றுக் கொடுத்தவர் யார் என்னும் உபகேள்வியை அச்சமயம் ஆசிரியர் எழுப்பவில்லை. அவரும் தரகரிடமே மனை வாங்கியவர்.

எந்தப் பாலை என்பதில் இரண்டு பூர்வபக்ஷங்கள் எழுந்தன. ஜெய்சால்மர் சென்று ஒட்டகத்தின்மீது அமர்ந்து மணற்குன்றுகளில் சூரியாஸ்தமனம் காணலாம் என்பது இரும்புக்கடைக்காரர் பக்ஷம். துபாய் மணலில் காரைக் குன்றின்மேல் ஏற்றி உருட்டுகிறார்கள் என்பது தொழிற்சாலைக்காரர் பக்ஷம். கார் செய்யுமிடத்தில் வேலை பார்ப்பவர் அதை உருட்டிப் பார்க்க விரும்பியதில் வியப்பில்லை. இவ்விரண்டையும் மறுத்து, தமிழ்நாட்டிலேயே, திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி என்று ஏறத்தாழ 12,000 ஏக்கர் செம்மணற்காடு இருக்கையில் அயலாரின் மணலை நாடுவானேன் என்று ஆசிரியர் நாட்டிய சித்தாந்தமே இறுதியில் வென்றது. தமிழ்ப்பற்றினும் டிக்கெட்டு விலையே வெற்றிக்குப் பெரிதும் துணைபுரிந்தது என்பதை மறைப்பது ஆராய்ச்சி தர்மமாகாது.

தலைவன் பிரிந்து செல்லத் துணிந்தபின்னும் புறப்பட மனமின்றித் தாமதிப்பதைச் செலவழுங்குதல் என்னும் துறையாகப் பண்டையோர் போற்றினர். படப்பைக் குழாம் இத்துறையை முந்தையோர் கனவிலும் காணாத அளவுக்கு வளர்த்தது. மணிமங்கலத்தில் புலிகேசியின் சேனையை முறியடித்த நரசிம்மவர்ம பல்லவன் வாதாபி வரை போய் அதைக் கைப்பற்றுவதற்கு முன் எத்தனை ஆலோசனைக் கூட்டம் நடத்தினானோ அறியோம். அதே மணிமங்கலத்துக்குப் போகும் சாலையிலுள்ள தேநீர்க்கடையில் இக்குழாம் நடத்திய கூட்டங்களில் ஒருவருக்கு லீவு கிடைக்கும்போது மற்றொருவர் மைத்துனருக்குக் கல்யாணம் வந்தது. இதற்கிடையே, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், எந்தத் தேரியில் தண்ணீர் கண்ணில் படாது என்று நம்பினார்களோ அதன் அண்டை ஊராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் பிரயாணிகளோடு வெள்ளத்தின் நடுவே நின்றது. அம்மாவட்டத்து மக்கள் அன்று பட்ட துயரம் நகைப்புக்குரியதன்று. அதை இம்மட்டில் விடுகிறோம். ஆயின், பாலையை நாடுவோருக்கு முன்னதாக வெள்ளமே சென்று காத்திருந்தது என்னும் உண்மை, செலவைச் சித்திரை வரையில் அழுங்கச் செய்யப் போதுமான காரணமாயிற்று.

வழிநடைச் செய்திகளை விரிக்க இடமில்லை. பாலைநில மாந்தரின் தொழில் ஆறலைத்தல், அதாவது வழிச்செல்வோரை மறித்துப் பொருள் கவர்தல், என்று இலக்கணம் கூறுகிறது. அத்தொழில் இந்நாளில் நாகரிகமடைந்து, வில்லும் அம்பும் இன்றி, வண்டியின் கண்ணாடியில் ஒட்டிய சிறு சீட்டிலிருந்து தானாகவே நடைபெறுகிறது என்றும், ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு கம்பம் தலைநிமிர்ந்து வந்தனம் செய்கிறது என்றும் ஆசிரியர் விளக்கினார். கணக்கெழுதும் பொறுப்பேற்ற இரும்புக்கடைக்காரர் மட்டும் அவ்விளக்கத்தில் சுவை காணாமல் கைப்பேசியில் வரும் குறுஞ்செய்திகளைக் கூட்டிக்கொண்டே வந்தார். அருகிலிருந்த தொழிற்சாலைக்காரர் ஏறத்தாழ 600 கிலோமீட்டரையும் உறக்கத்திலேயே கடந்து, தூத்துக்குடியில் கண்விழித்து, செங்கல்பட்டு வந்துவிட்டதா என்று வினவினார்.

தேரியைப் பற்றி விஞ்ஞானிகள் கூறுவது யாதெனின், அம்மணல் பெரும்பாலும் பளிங்குக்கல்லின் துகளே; ஒவ்வொரு துகளின் மேலும் இரும்பின் ஆக்ஸைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருப்பதால் அச்செந்நிறம் உண்டாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே புகுந்து, முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டு, கிழக்கே வந்து இம்மணலை மேடாகவும் பள்ளமாகவும் மாற்றி அமைக்கிறது. முற்காலத்தில் இம்மேடுகள் நகர்ந்து சென்று வயல்களை மூடியதுண்டு. அதைத் தடுக்கப் பனையும், பிற்பாடு முந்திரியும் பிறவும் நட்டு அவற்றின் வேர்களால் மணலைக் கட்டிப்போட்டனர். வேட்டியை மடித்துக் கட்டாமல் இறங்கிய ஆசிரியரின் எட்டுமுழம் சற்று நேரத்தில் கரையிலிருந்து முழங்கால் வரை காவியேறி, அவர் துறவறத்தின் பாதி வழியில் நிற்பவர்போல் காட்சியளித்தமை இரும்பின் ஆக்ஸைடு பற்றிய மேற்படி கூற்றுக்குப் பிரத்தியக்ஷப் பிரமாணம்.

இங்கே ஓர் ஆக்ஷேபம் எழும். ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெய்யும் நிலத்தையே பாலைவனம் என்று பூகோள சாஸ்திரிகள் சொல்ல, அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலாக மழை காணும் தூத்துக்குடிச் சீமையின் மணற்காட்டை எங்ஙனம் பாலை என்பீர் எனின், கூறுதும். தொல்லாசிரியர் மழைமானி கொண்டு திணை வகுத்தாரல்லர். பாலையின் சிறுபொழுதை நண்பகல் என்றார். சித்திரை மாதத்து நண்பகலில், அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிய ஐவரும், பல ஆண்டுகளாக நடையையே மறந்திருந்த கால்களால், வேறெந்தச் சந்தர்ப்பத்திலும் வெளிப்படுத்தியிராத வேகத்தோடு நிழலை நோக்கி ஓடினோம். அது பாலைதான் என்பதில் உள்ளங்கால்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை.

அக்கோயிலில் சுனை இருப்பதே இவ்வாராய்ச்சியின் மையம். தண்ணீர் கண்ணில் படாத ஊர் வேண்டுமென்று புறப்பட்டவர் முதன்முதலாக அமர்ந்ததும், நெடுநேரம் எழாததும், நீரருகே. அதனினும் விசேஷம், தரகரின் மனோநிலை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை கல் நடாத, கலர்க்கொடி கட்டாத, நுழைவாயில் வளைவு எழுப்பாத நிலத்தைக் கண்டதும் அவர் முகம் வெளிறிற்று. தொழில் பக்தி மிக்கவர் ஆகையால், பனையடியில் பதனி விற்றுக்கொண்டிருந்த பெரியவரை அணுகி,

"பெரியவரே, இங்க ஏக்கரு இன்னா வெல போவுது?" என்றார்.

"இது பாரஸ்ட்டு எடம்லா அண்ணாச்சி. வெல கேக்கதுக்கெல்லாம் இங்க ஆளு கெடையாது."

"சரி, தண்ணி எத்தினி அடில கீது?"

"பெய்யுத மழையப்பூரா இந்த மண்ணு குடிச்சிரும். பொறவு பையப் பைய வெளிய விடும். ஓரத்துல தருவைக் கொளத்துல போய் நிக்கும். மேலதான் அண்ணாச்சி காச்சல், அடியில பூரா தண்ணிதான். உங்க ஊருல எப்படி?"

இவ்வினாவுக்குத் தரகர் விடை கூறவில்லை. விடை நமக்குத் தெரியும். எங்கள் மருதத்தில் மண் ஒரு சொட்டையும் குடியாது. சிமெண்டுத் தரையும் தார்ச்சாலையும் அதன் வாயை அடைத்துள்ளன. டிசம்பரில் படகு, மே மாதத்தில் தண்ணீர் லாரி. மழையைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும் செம்மணல் பாலையென்றும், மழையைக் கண்டால் அண்டை வீட்டுக்குத் தள்ளிவிடும் படப்பை மருதமென்றும் வழங்கும் இவ்வழக்கு எத்தனை காலம் நிலைக்கும் என்பது அறிஞர் சிந்தனைக்குரியது. இயல்பு திரிந்த முல்லையும் குறிஞ்சியும் பாலையாகும் என்ற இளங்கோவடிகள் மருதத்தை அப்பட்டியலில் சேர்க்காமைக்கு அவர் காலத்தில் மனைப்பிரிவுகள் இல்லாமையே காரணமாகலாம்.

பதனியைப் பற்றித் தனி அத்தியாயமே எழுதலாம். பனையின் பாளையைச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தை அதில் கட்டி, புளிக்காமல் இறக்கிய அச்சாற்றைப் பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, நுங்கை வழித்து அதில் போட்டுத் தருகிறார்கள். பட்டையை இரு கைகளாலும் ஏந்தி, அகன்ற பக்கத்தை ஒதுக்கிக் குவிந்த முனை வழியே உறிஞ்ச வேண்டும் என்பது அவ்வூர்க் குழந்தைக்கும் தெரியும். எம் குழாத்தார் நடுப்பக்கத்தில் வாய்வைத்தமையால், பாதி வயிற்றுக்கும் பாதி முழங்கை வழியாகத் தேரிக்கும் சென்றது. உறக்கம் முற்றும் கலைந்த நிலையில் தொழிற்சாலைக்காரரை இவ்வாய்வாளன் கண்டது அப்போதுதான். அவர் மூன்றாம் பட்டையை நீட்டிக்கொண்டிருந்தார். இதே சாற்றைக் காய்ச்சிச் சிரட்டையில் வார்த்த உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கீர்த்தி உடையது. ஆளுக்கு இரண்டு கிலோ வாங்கப்பட்டது.

சாவகாசமான பாலைப் பிரயாணம் என்பதன் இலக்கியத்தைக் காண விரும்புவோர் எம்மைப் பின்பற்ற வேண்டா. ராபர்ட் கால்டுவெல்லைப் பின்பற்றுக. சென்னையிலிருந்து நீலகிரி வழியாகப் பெரும்பாலும் கால்நடையாகவே வந்து 1841-இல் இத்தேரிச் சீமையின் இடையன்குடியில் இறங்கிய அப்பாதிரியார், எழுந்து போக அவசரப்படாமல் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அங்கேயே இருந்து, 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, மெல்ல மெல்ல எழுப்பிய தேவாலயத்தை 1880-இல் பிரதிஷ்டையும் செய்வித்தார். எம் குழாமோ இடையன்குடிக்குப் போவதா, திருச்செந்தூரில் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்புவதா என்று வாக்கெடுத்துச் சாப்பாட்டை வெற்றிபெறச் செய்தது. ஆசிரியர் மட்டும் சிறுபான்மையானார்.

இதே தேரியிலுள்ள கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகைக் கடைசியில் கள்ளர் வெட்டு என்று ஓர் உற்சவம் உண்டு. கள்ளனுக்குப் பதிலாக இளநீரை வெட்டுவார்கள். அந்நீர் சிந்திய செம்மண்ணை ஜனங்கள் அள்ளிச் சென்று வீட்டில் வைத்துப் போற்றுவார்கள். பாலைக்குரிய ஆறலை கள்வர் விஷயத்தை அய்யனார் இவ்விதம் ஆண்டுதோறும் முடித்துவைப்பது மெச்சத்தக்கது. சித்திரையாதலால் உற்சவத்தைக் காணும் பாக்கியம் எமக்கில்லை. ஆயினும் தரகர் ஒரு பிடி மண்ணைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார். பக்தியாலா, மாதிரி காட்டவா என்று கேட்டதற்கு, "ரெண்டும்தான் சார்" என்றார்.

எஞ்சியது உரிப்பொருள். பாலைக்கு உரியது பிரிவு. பிரிவின்கண் தலைவி உடல் மெலிந்து, வளை நெகிழ்ந்து, சுவரில் கோடிட்டு நாளெண்ணி வருந்துவாள் என்பது மரபு. படப்பைத் தலைவியர் எண்ணியது உண்மையே, எண்ணியவை வேறு. கணவன்மார் தேரியில் பதனி அருந்திய அதே நாளில் அவர்கள் ஒன்றுகூடி, தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகச் செல்லும் பேருந்தில் ஏறிக் காஞ்சிபுரம் சென்று, ஆளுக்கொரு பட்டுப்புடவை எடுத்து, வளை நெகிழாதிருக்க இரண்டிரண்டு புது வளையல்களும் வாங்கி, மாலைக்குள் வீடு திரும்பியிருந்தனர். கருப்பட்டியை வாங்கி முகர்ந்து பார்த்த ஆசிரியரின் இல்லத்தரசியார், இதில் சீனி கலந்திருக்கிறதென்று தீர்ப்பளித்தார். இரும்புக்கடைக்காரர் எழுதிய கணக்கு இன்றும் தேநீர்க்கடையில் விவாதத்தில் உள்ளது. புடவைத் தொகையைப் பிரிவின் பயன் என்று கருதிப் பொதுச்செலவில் சேர்க்க வேண்டுமென்று மூவர் வாதிக்கின்றனர். விவாகமாகாமல் தனியே வாழும் தரகர், தமக்கு அதில் பங்கில்லை என்று மறுத்து, தம் பாகத்தில் பதனிக்கு மட்டும் பணம் கட்டியிருக்கிறார்.