தூரத்து நாயகர்கள் மட்டும் வரவும்

ரோசா பார்க்ஸ் பரமக்குடிப் பக்கம் பிறக்காமல் போனது அவர் செய்த புண்ணியம். பிறந்திருந்தால் நம் கல்லூரிகளில் மேடையா கிடைத்திருக்கும்? தடை உத்தரவுதான்.

ராமநாதபுரம் தொடங்கி ராமேஸ்வரம் வரை, பேச்சுப் போட்டி என்றால் மார்ட்டின் லூதர் கிங் வந்துவிடுவார், மண்டேலா வந்துவிடுவார். பிள்ளை மூச்சுவிடாமல் ஒப்பிப்பான்: 1955, மாண்ட்கோமரி, பஸ்ஸில் எழுந்து இடம் தர மறுத்த ரோசா பார்க்ஸ், 381 நாள் பஸ் புறக்கணிப்பு. முன்வரிசையில் தாளாளருக்குக் கண் கலங்கும். வண்ணக் கயிறு கட்டிய மணிக்கட்டுகள் படபடவென்று கைதட்டும். முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

அதே பிள்ளை, "ஐயா, நம்ம பக்கமும் ஒரு பஸ் புறக்கணிப்பு நடந்திருக்கே, பேசட்டுமா?" என்று கேட்டுப் பார்க்கட்டும், டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொள்வார்கள். 1997-இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்தார்கள். கட்டபொம்மனின் படைத்தளபதி, வெள்ளையனை எதிர்த்து உயிரைக் கொடுத்தவர். அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டது ஆதிக்க சாதி மானம். மாண்ட்கோமரியில் உட்கார இடம் கேட்டுப் புறக்கணித்தார்கள். இங்கே ஒரு தலித் வீரனின் பெயருக்குக் கீழே உட்கார மாட்டோம் என்று புறக்கணித்தார்கள். கலவரம் மூண்டது. அரசோ, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியதுபோல், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயரையே கழற்றிவிட்டது.

செல்லூர் இம்மானுவேல் சேகரன், வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர், ராணுவத்தில் இருந்தவர், ஊர் திரும்பித் தீண்டாமையை எதிர்த்தவர். 1957 செப்டம்பர் 10, முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் தன் மக்களின் பிரதிநிதியாகச் சரிசமமாக உட்கார்ந்தார். மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொன்றார்கள். வயது 32. 2010-இல் தபால்தலை வெளியிட்டார்கள். அந்த முகத்தைக் கடித உறையில் ஒட்டலாம். கல்லூரிச் சுவரில் ஒட்டினால் வளாக அமைதி கெட்டுவிடுமாம்!

அவர் நினைவு நாள் வரும் செப்டம்பர் பிறந்தால் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே தடை உத்தரவு. முன்பு 144, புதுச் சட்டத்தில் 163. நம்மிடம் முன்னேறியது அந்த எண் ஒன்றுதான். 2011-இல் அஞ்சலி நாளன்றே பரமக்குடியில் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. வரலாற்றுத் துறையோ அதைக் கேள்விப்பட்டதாகக்கூடக் காட்டிக்கொள்ளாது.

அப்துல் கலாமையாவது முழுசாகப் படிக்கிறார்களா? கனவு வாசகம் சுவரெல்லாம் இருக்கிறது. தொப்பி போட்ட பையன் புரோகிதர் மகன் பக்கத்தில் உட்காரக் கூடாதென்று ராமேஸ்வரம் பள்ளியில் கடைசி பெஞ்சுக்குத் துரத்தப்பட்டதை அவரே எழுதியிருக்கிறார். அது எந்தச் சுவரிலும் இல்லை. அன்றைக்கு அந்த வாத்தியாரைக் கூப்பிட்டுக் கண்டிக்க அந்தப் புரோகிதர் லட்சுமண சாஸ்திரிகளாவது இருந்தார். இன்றைக்கு மாணவன் கையில் சாதிக் கயிற்றைப் பார்த்தும் பார்க்காததுபோல் வருகைப்பதிவு எடுக்கிறார்கள்.

கறுப்பர் வரலாற்று மாதத்தை 1970-இல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர்கள் அடுத்த கண்டத்துத் துயரத்தைக் கடன் வாங்கவில்லை. தங்கள் மண்ணின் அவமானத்தைத் தங்கள் வளாகத்திலேயே பேசினார்கள். நீங்களும் செப்டம்பர் 11-க்கு விடுமுறை விட்டு ஒளிந்துகொள்ளாமல், கதவைத் திறந்து வைத்து, இம்மானுவேல் சேகரன் ஏன் கொல்லப்பட்டார் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்துங்கள். அதற்குத் துணிச்சல் இல்லாத கல்லூரிக்கு ரோசா பார்க்ஸ் பெயரைச் சொல்ல என்ன யோக்யதை இருக்கிறது?