உள்ளங்கைப் பாறையும் உள்ளங்கால் பாசியும்

எங்கள் வீட்டு வரவேற்பறையில் 25 ஆண்டுகளாக ஒரு படம் தொங்குகிறது. மீசை அடர்ந்த, இடுப்பு ஒடுங்கிய ஓர் இளைஞன், 39 மீட்டர் உயரப் பாறையை வலது உள்ளங்கையில் தாங்கி நிற்கிறான். அது நான்தான் என்றால் வீட்டுக்கு வருகிறவர்கள் நம்புவதில்லை. பாறையைத் தூக்கியதைக்கூட நம்பிவிடுகிறார்கள். இடுப்பைத்தான் நம்ப மறுக்கிறார்கள்.

1998 ஏப்ரலில் எடுத்தது. 2000 பிறந்த நொடியில் உலகத்துக் கணினிகள் எல்லாம் தலைசுற்றி விழுந்துவிடும் என்ற பயத்தில், அமெரிக்கா எங்களைப் போன்ற பையன்களை விமானம் விமானமாக இறக்கிக்கொண்டிருந்த காலம். டென்வரில் ஒரே வீட்டில் நான்கு பேர். ஒரு சனிக்கிழமை விடியலில் ஓட்டைக் கார் ஒன்றில் யூட்டா மாநிலத்து மோவாப் ஊருக்குக் கிளம்பினோம். ஊரை ஒட்டி ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா. செம்மணற்கல்லில் இயற்கை குடைந்த வளைவுகள் அங்கே இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. எங்களுக்கு அவை பெரிதாகப் படவில்லை. ஒல்லிக் கழுத்தின் மேல் பெருந்தலை உட்கார்ந்திருப்பது போன்ற ‘பேலன்ஸ்டு ராக்’ தான் வேண்டும். மாமல்லபுரத்தில் வெண்ணெய்ப் பந்துக்கு முட்டுக்கொடுத்துப் படம் எடுத்துக்கொண்ட பரம்பரை அல்லவா?

பாறை உள்ளங்கையில் சரியாக உட்கார வேண்டுமானால் தூரம் வேண்டும். “இன்னும் பின்னாலே போடா. இல்ல, இடது பக்கம். ஐயோ, பாறை உன் காதுல நிக்குது!” பாதையை விட்டு இறங்கி நடந்தேன். தரை கன்னங்கரேலென்று, சின்னச் சின்ன மேடுகளாக இருந்தது. கால் வைத்த இடமெல்லாம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம். “என்னடா இது, தீஞ்ச சோறு மாதிரி!” என்றான் நண்பன். சிரித்தோம். நான்கு பேருக்கும் தனித்தனியாக அதே படம் வேண்டுமென்பதால், நான்கு பேரும் அந்தத் தீய்ந்த சோற்றில் போய்வந்தோம். 36 படச் சுருளில் ஒன்பது அங்கேயே தீர்ந்தது.

எனக்கு அந்த நொறுங்கும் சத்தம் புதிதில்லை. கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் செவக்காடு உண்டு. விதைத்த பிறகு ஒரு மழை அடித்து, மறுநாள் வெயில் காய்ந்தால், மண் மேலாகப் பொருக்குத் தட்டிவிடும். உடைத்துவிடாவிட்டால் முளை தலைநீட்டாது. அப்பா களைக்கொத்தியால் கொத்திவிட்டுப் போவார். பின்னாலேயே நான் காலால் நொறுக்கிக்கொண்டு போவேன். பொருக்கைக் கண்டால் உடைப்பது எங்கள் வீட்டில் வேலை. அதை யூட்டாவில் இலவசமாகச் செய்து கொடுத்தேன்.

2023 அக்டோபரில் மறுபடி போனோம். இப்போது ஃபீனிக்ஸ்வாசி, கூட மகள். கல்லூரியில் சுற்றுச்சூழல் படிக்கிறாள். அந்தக் காலத்தில் கார் போன நேரம்தான் பூங்கா திறந்த நேரம். இந்த முறை திருப்பதி தரிசனம் போல உள்ளே நுழையும் நேரத்தையே முன்பதிவு செய்ய வேண்டியிருந்தது.

“அந்தப் படத்துல எங்கப்பா நின்னீங்க?” என்றாள். பெருமையாகப் பாதையை விட்டு இறங்கினேன். ஒரு கால் வைத்தாயிற்று. மறு கால் காற்றில்.

“அப்பா! கீழ வைக்காதீங்க!”

தூக்கிய காலோடு நடராசர் மாதிரி நின்றேன். நடராசருக்குக் காலடியில் முயலகன். அறியாமையின் உருவம் என்பார்கள். என் விஷயத்தில் அறியாமை காலுக்கு மேலே இருந்தது. வந்த தடத்திலேயே கால் வைத்துத் திரும்பி வரச் சொன்னாள். வந்தேன். பாதையோரத்தில் குந்தவைத்துப் பாடம் நடத்தினாள்.

அந்தக் கறுப்புத் தரை உயிருள்ள பொருக்காம். மணலுக்குள் மைக்ரோகோலியஸ் என்ற நீலப்பச்சைப் பாசி நூல்நூலாக ஓடுகிறது. நூலைச் சுற்றிப் பிசுபிசுத்த உறை. மழை பட்டதும் நூல்கள் உப்பி, உறையை விட்டு மேலே ஊர்ந்து வரும், காய்ந்தால் அடங்கிவிடும். விட்டுவந்த உறைகள் மணல்துகள்களை ஒட்டிப் பிடித்தபடி கிடக்கும். மழைக்கு மழை இப்படித் தைத்துத் தைத்துத்தான் பாலைநிலத்து மண் காற்றில் பறக்காமல் இருக்கிறது. அந்தத் தையலின் மேல் லைக்கன் குடியேறும். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிறோமே கல்பாசி, அதன் பங்காளி. பிறகு மாஸ் என்கிற குட்டிப் பாசிச்செடி. மூன்றுமே வேறு வேறு உயிர்கள். நமக்கு மூன்றும் பாசிதான். மண்ணும் நம்மைப் போலவே பிரித்துப் பார்க்காமல் மூன்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது.

கறுப்பு, தீய்ந்த கறுப்பு இல்லை. வெயிலுக்குப் பாசி பூசிக்கொண்ட நிறமி. மேடுகள், குளிர்காலத்தில் மண்ணுக்குள் நீர் உறைந்து மேலே தள்ளியதால் எழுந்தவை. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்குகிற பாசிகளும் இந்தக் கூட்டத்தில் உண்டு. அவற்றின் உறவுக்காரப் பாசியைத்தான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போட்ட என் மாமா உயிர் உரம் என்று காசு கொடுத்து வாங்கி வயலில் தூவினார். மருமகன் இங்கே வந்து காசில்லாமல் மிதித்தான். உலகத் தரைப்பரப்பில் சுமார் 12 விழுக்காடு இத்தகைய பொருக்கு என்று ஒரு கணக்கு. ஆக, எனக்கு மிதிக்க இடத்துக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

“மிதிச்சா திரும்ப வராதா?”

“வரும். நீலப்பச்சைப் பாசி சில வருஷத்துல வந்துடும். லைக்கனும் மாஸும் பழையபடி வரப் பல பத்து வருஷம், சில இடத்துல நூறு வருஷத்துக்கு மேல.”

மனக்கணக்குப் போட்டேன். பாசி திரும்புவதற்குள் எனக்குக் கிரீன் கார்டு வந்திருக்கும். மாஸ் திரும்பும்போது நான் படத்தில் மட்டும் இருப்பேன்.

“நாலு பேர் கால் என்னம்மா பெரிசு? 19-ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பக்கம் பூரா ஆடுமாடு மேய்ச்சிருக்காங்களே?” என்று வாதாடினேன். ஆமாம் என்றாள். மேய்ச்சலுக்குக் கடிவாளம் போட 1934-இல் சட்டமே கொண்டுவர வேண்டியதாயிற்று. குளம்பு பட்டுக் கிளம்பிய புழுதி கிழக்கே போய் ராக்கி மலைப் பனியில் படிகிறது. வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பும். அழுக்குப் பனி வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் பனி வாரக்கணக்கில் முன்னதாக உருகுகிறது. பனி விலகிய தரையில் செடிகொடிகளும் முன்னதாகவே நீரை உறிஞ்ச ஆரம்பித்துவிட, கொலராடோ ஆற்றுக்குச் சேரவேண்டிய நீரில் சுமார் 5 விழுக்காடு குறைகிறது என்று 2010-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த ஆற்றை நம்பி ஏறத்தாழ 4 கோடிப் பேர். ஃபீனிக்ஸ் குழாயில் வருவதிலும் கணிசமான பங்கு அதுதான். மாட்டின் மேல் பழி போட்டுவிட்டுப் போனால் என் வீட்டுக் குழாயில் வந்து முடிகிறது.

மகள் தண்ணீர்ப் பாட்டிலிலிருந்து ஓரமாக நாலு சொட்டு விட்டாள். கருகிக் கிடந்த மாஸ் கண்ணெதிரே இலை விரித்துப் பச்சையானது. எனக்குச் சிலிர்த்தது. “இன்னும் கொஞ்சம் ஊத்தேன்” என்றேன்.

“வேண்டாம்பா. முழிக்கறதுக்கே அதுக்குச் செலவு. நல்ல மழைன்னா வெயில்ல சாப்பாடு செஞ்சு செலவை ஈடுகட்டிடும். தூறல்னா சமைக்கறதுக்குள்ள காஞ்சுடும், நஷ்டம்.” மோவாப் வட்டாரத்தில் கோடையில் 1.2 மில்லிமீட்டர் தூறலை அடிக்கடி போட்டுப் பார்த்த ஒரு சோதனையில், தரையில் கால்பங்கு இருந்த மாஸ் ஒரே பருவத்தில் 2 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டதாம். மழை பெய்தே சாகடிக்கும் என்று எங்கள் வானம்பார்த்த பூமியில் யாரிடமாவது சொன்னால் அடிக்க வருவார்கள்.

அப்போதுதான் அவன் வந்தான். முகத்தைப் பார்த்ததும் நம்ம ஊர் என்று தெரிந்தது. செல்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, உள்ளங்கையை விரித்தபடி, பின்னால் பின்னால் போனான்.

“தம்பி! காலை எடுக்காதே!” என்று கத்தினேன்.

அடுத்த பத்து நிமிடம் மைக்ரோகோலியஸ், நிறமி, நைட்ரஜன், கொலராடோ ஆறு என்று ஒன்று விடாமல் சொன்னேன். அரை மணி நேர வயதுள்ள அறிவுக்கு இருக்கிற வேகம், ஆயுளெல்லாம் படித்தவர்களுக்கு வராது. அவன் ஒற்றைக் காலில் நின்றே கேட்டான், பாவம். பிறகு மரியாதையாக, “நீங்க இங்க ரேஞ்சரா அங்கிள்?” என்றான்.

மகள் என்னைப் பார்த்தாள். வரவேற்பறைப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை நன்றியோடு இருக்கிறேன். பாதையில் நின்றபடியே அவனுக்கு நான் படம் எடுத்துக் கொடுத்தேன். பாறை உள்ளங்கையில் உட்காரவில்லை. நாலு விரற்கடை மேலே மிதந்தது.

வீட்டுக்கு வந்து என் படத்தைக் கழற்றினேன். அதில் எனக்குக் கணுக்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. அது அன்றுதான் கண்ணில் பட்டது. சட்டத்துக்கு அடங்காததால் அடிப்பகுதியை அந்தக் காலத்திலேயே பின்னால் மடித்துவிட்டிருக்கிறார்கள். பிரித்தேன். கறுப்புத் தரை. அதில் நொறுங்கிச் சிவந்து தெரிந்த தடங்களை எண்ணினேன்: பதினொன்று.

பெரிய சட்டமாக வாங்கி முழுப் படத்தையும் மாட்டியிருக்கிறேன். இப்போது வருகிறவர்கள் பாறையையும் பார்ப்பதில்லை, இடுப்பையும் பார்ப்பதில்லை. “கால்கிட்ட என்ன சார், தீஞ்ச சோறு மாதிரி?” என்கிறார்கள்.

உட்காரச் சொல்கிறேன். பத்து நிமிடம் ஆகும்.