ஐந்துக்கு நான்கு

டொராண்டோவில், ஸ்கார்பரோவில், நான் குடியிருப்பது ஒரு பேஸ்மென்ட். மேலே இருப்பவர் வீட்டுச் சொந்தக்காரி. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்கார அம்மாள். நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷம் பதினோரு மாதம் அவரைப் போலச் சாதுவான மனுஷியைப் பார்க்க முடியாது. வாடகை ஒரு வாரம் தள்ளிப்போனாலும் முகம் சுளிக்க மாட்டார். நான் கருவாடு பொரித்தால் ஜன்னலைத் திறப்பாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார்.

நாலாவது வருஷம் பிப்ரவரி பிறந்ததும் அம்மாளுக்குச் சாமி வந்துவிடும். குளிர்கால ஒலிம்பிக்ஸ். அதிலும் ஹாக்கி இல்லை, பனிச்சரிவில் கட்டையைக் கட்டிக்கொண்டு பாய்வது இல்லை. ஃபிகர் ஸ்கேட்டிங். அது ஒன்றுதான்.

இந்த நாட்டில் ஹாக்கிப் பைத்தியங்களை அடையாளம் காண்பது சுலபம். காரில் கொடி பறக்கும். ஸ்கேட்டிங் பைத்தியம் அப்படி வெளியே தெரியாது. பக்கத்து வீட்டில், பல் ஆஸ்பத்திரி வரவேற்பறையில், சர்ச் பஜனைக் குழுவில், பின்னல் ஊசியும் கையுமாக அமைதியாக உட்கார்ந்திருக்கும். "ஸால்ட் லேக் சிட்டி" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். ஊசியைப் பிடித்த பிடியே மாறிவிடும்.

நான் குடிவந்த புதிதில், தமிழனுக்கே உரிய ஆர்வத்தில், "உங்கள் கிளப் எது?" என்று கேட்டுவைத்தேன். இளமையில் ஸ்கேட்டிங் பழகியதாகச் சொல்லியிருந்தார். "டொராண்டோ கிரிக்கெட் கிளப்பில் ஒரு சிநேகிதி இருந்தாள்" என்றார். கிரிக்கெட் என்று காதில் விழுந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். அந்த கிளப்பின் முழுப்பெயரில் கிரிக்கெட்டோடு ஸ்கேட்டிங்கும் கர்லிங்கும் இருக்கின்றன என்பதும், உலகம் அதை அறிவது ஸ்கேட்டிங்குக்காகத்தான் என்பதும் எனக்குத் தெரியாது. தென்கொரியாவின் கிம் யுனாவும் ஜப்பானின் ஹன்யு யுசுருவும் ஒலிம்பிக் தங்கத்துக்குத் தயாரானது அங்கேதான். பழக்கியவர் பிரையன் ஆர்சர். அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மாள் எழுந்து போய் டீ போட்டார். டீ வந்தது. கூடவே கதையும் வந்தது.

கதையின் ஊர் கேல்கரி, வருஷம் 1988. சொந்த மண்ணில் ஒலிம்பிக்ஸ். தொடக்க விழாவில் கனடாவின் கொடியைத் தூக்கி நடந்தவர் ஆர்சர். எதிரே அமெரிக்காவின் பிரையன் பாய்டானோ. இருவரும் பிரையன் என்பதால் பத்திரிகைகள் அதைப் "பிரையன்களின் போர்" என்று எழுதின. அந்தக் காலத்துக் கணக்கில் ஒன்பது நடுவர்கள். 6.0 தான் உச்ச மதிப்பெண். ஆனால் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துப் பரிசு தருவதில்லை. ஒன்பதில் எத்தனை பேர் யாரை முதலிடத்தில் வைத்தார்கள் என்பதுதான் கேள்வி. பாய்டானோவுக்கு ஐந்து. ஆர்சருக்கு நான்கு.

"ஐந்துக்கு நான்கு" என்று அம்மாள் விரல்களை நீட்டிக் காட்டினார். இத்தனை வருஷம் ஆகியும் அந்த ஒரு விரல் கொஞ்சம் நடுங்கியது.

ஆர்சர் ஒரு தாவலில் தடுமாறினார் என்பதையும், இரண்டாவதாகப் போட வேண்டிய ட்ரிபிள் ஆக்ஸலைப் போடாமல் விட்டார் என்பதையும் நான் பிற்பாடு வேறு இடத்தில் தெரிந்துகொண்டேன். அம்மாள் சொன்ன கதையில் அந்தப் பகுதி இல்லை.

இவர்களுடைய நினைவாற்றல் இயங்கும் விதம் எனக்குப் புரிய இரண்டு ஒலிம்பிக்ஸ் ஆயிற்று. "மறக்க முடியாத போட்டி எது?" என்று கேட்டால், அருமையாக ஆடிய போட்டியைச் சொல்வார்கள் என்று நாம் நினைப்போம். சொல்ல மாட்டார்கள். பங்காளி நிலத்தை வளைத்துக்கொண்ட கதையைத்தான் எந்தக் குடும்பமும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லும். நல்ல விளைச்சல் கண்ட வருஷத்தை யார் சொல்கிறார்கள்? 2010-இல் வான்கூவரிலும் 2018-இல் பியாங்சாங்கிலும் டெஸா வெர்ச்சூ, ஸ்காட் மோயர் ஜோடி கனடாவுக்கு ஐஸ் டான்ஸ் தங்கம் வாங்கித் தந்தது. அதைப் பற்றி அம்மாளிடம் கேட்டேன்.

"அழகாக ஆடினார்கள். ஜெயித்தார்கள்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? நன்றாகத் தூங்கினேன்."

1988-க்குப் பிறகு சரியாகத் தூங்காதவர் பேசுகிற பேச்சு இது.

ஸால்ட் லேக் சிட்டிக்கு வருவோம். அம்மாள் எப்படியும் வந்துவிடுவார். 2002, ஜோடிப் பிரிவு. கனடாவின் ஜேமி ஸலே, டேவிட் பெல்டியே பிசகில்லாமல் ஆடினார்கள். ரஷ்ய ஜோடியில் ஆண் ஒரு தாவலில் இறங்கும்போது கால் தடுமாறினார். தங்கம் ரஷ்யாவுக்கு. ஓட்டு? ஐந்துக்கு நான்கு. பிறகு பிரான்ஸ் நடுவர், தன்மேல் நெருக்கடி இருந்தது என்று சொல்லப்போய், ஊரே ரெண்டுபட்டு, கடைசியில் ஒலிம்பிக் கமிட்டி கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுத்தது. ஒரே போட்டிக்கு இரண்டு தங்கம்! நியாயம் கிடைத்துவிட்டதே, இனி ஆறிவிடும் என்று நீங்கள் எண்ணினால் ரசிகரை அறியாதவர். "அது கொடுத்த தங்கம். வாங்கிய தங்கம் இல்லை" என்கிறார் அம்மாள். அடுக்கு மொழி எல்லாம் இந்த விஷயத்தில் மட்டும் தானாக வரும்.

அந்த ரகளைக்குப் பிறகு 6.0 முறையையே தூக்கிவிட்டு, ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் தனித்தனியாகப் புள்ளி போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். கூடவே எந்த நடுவர் எந்த மதிப்பெண் போட்டார் என்பதையும் ரகசியமாக்கினார்கள். 2016 வரை அந்த ரகசியம் நீடித்தது. அம்மாளின் வாழ்க்கையில் இருண்ட காலம் அதுதான். அநியாயம் நடக்கிறது, ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. பொதுவாகத் திட்டினால் மனம் ஆறுமா? சாபத்துக்கும் ஒரு விலாசம் வேண்டாமா?

அவரோடு உட்கார்ந்து ஒரு போட்டி பார்ப்பது தனி அனுபவம். டீவியில் வர்ணனையாளரின் குரலை முதலில் அடைத்துவிடுவார். மடியில் கம்பளி, பக்கத்தில் டிஷ்யூ பெட்டி. ஆடுபவர் தாவப் போகிற கணத்தில் அறையில் யாரும் மூச்சு விடக் கூடாது. ஒருமுறை நான் முறுக்கு கடித்த நேரத்தில் யாரோ ஒரு பெண் விழுந்துவிட்டாள். அன்று அவர் என்னைப் பார்த்த பார்வையில், அந்தப் பெண்ணின் பயிற்சியாளர்கூட என்னை மன்னித்திருப்பார் என்று தோன்றியது. காற்றில் சுழலும்போது அம்மாளின் தோளும் சேர்ந்து திரும்பும். தரையைத் தொட்டதும், நம் சபாக்களில் முன்வரிசை மாமா சமத்துக்கு வந்து சேர்ந்த பாடகருக்குத் தலையாட்டுவாரே, அதே ஆட்டல். கூடவே தீர்ப்பு: "கால் சுற்று குறைச்சல்." என் கண்ணுக்கு அது பம்பரம். அவர் கண்ணுக்கு அதில் கால் சுற்று பாக்கி.

ஆடி முடித்தவர்கள் மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்கும் பெஞ்சுக்குக் "கிஸ் அண்ட் க்ரை" என்று பெயர். முத்தமும் அழுகையும். பெயர் வைத்தவன் ஞானி. ஆனால் பெஞ்சுக்கு வருவதற்கு முன்பே, பனியின் நடுவிலேயே அரங்கேறிய ஒரு காட்சிக்காக அம்மாள் ஒரு கேஸட் தனியாக வைத்திருக்கிறார். 2006, டூரின். இத்தாலியின் ஃபூஸர்போலி, மர்காலியோ ஜோடி. சொந்த நாட்டுக் கூட்டம். ஆட்டம் முடிய சில நொடிகள் இருக்கும்போது, தூக்கிச் சுற்றிய நிலையில் இருவரும் விழுந்தார்கள். இசை நின்றது. அந்தப் பெண் நகரவில்லை. ஜோடிக்காரனை முறைத்தாள். முறைத்துக்கொண்டே நின்றாள். அரங்கம் கைதட்டுகிறது, அவள் கண் இமைக்கவில்லை. பொங்கலன்று ஊருக்கு டிக்கெட் எடுக்க மறந்த என்னை என் மனைவி பார்த்தது நினைவுக்கு வந்து, நான் டீவிக்கு முன்னாலேயே தலையைக் குனிந்துகொண்டேன்.

லில்லஹாமரை, அதாவது 1994-ஐ, அம்மாள் கணக்கில் சேர்ப்பதில்லை. "அது ஸ்கேட்டிங் இல்லை, கோர்ட் கேஸ்." நான்ஸி கெரிகனின் காலில் அடிக்க ஆள் அனுப்பிய விவகாரத்தில் போட்டியாளர் டோன்யா ஹார்டிங்கின் பெயரும் அடிபட்டு, இருவரும் ஒரே அணியில் ஒலிம்பிக்ஸ் வந்த கதை உலகுக்கே தெரியும். ஹார்டிங் ஷூ நாடா அறுந்து, அழுதபடி காலைத் தூக்கி நடுவர்கள் முன்னால் வைத்த காட்சியை இன்னும் காட்டுகிறார்கள். அவருக்கு மறுபடி ஆட நேரம் கொடுத்தார்கள். உலகம் முழுவதும் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மாள் பார்த்தது ஜோஸே ஷுயினார்டை. அடுத்து ஆட வேண்டிய கனடாப் பெண். இன்னும் நேரமிருக்கிறது என்று இருந்தவளை அவசர அவசரமாகப் பனிக்குள் இறக்கிவிட்டார்கள். ஒன்பதாவது இடம். "அவளுடைய நாடாவைப் பற்றி யாராவது கேட்டார்களா?" என்றார் அம்மாள். அவள் நாடா அறுந்ததா என்றேன். "இல்லை. அதுதான் கேட்கிறேன்." தங்கம் உக்ரைனின் பதினாறு வயது ஒக்ஸானா பையூலுக்கு. வெள்ளி கெரிகனுக்கு. ஓட்டு? நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாள் விரல்களை நீட்டிவிட்டார். கணக்கில் சேராத போட்டிக்கே இவ்வளவு.

பதக்கம் ஒரு பொருட்டே இல்லாத இடமும் இவர்களிடம் உண்டு. ஜப்பானின் அஸாதா மாவோ, 2014 ஸோச்சியில் முதல் ஆட்டத்தில் சறுக்கிப் பதினாறாவது இடத்துக்குப் போனார். மறுநாள் வந்து தன் வாழ்நாளின் சிறந்த ஆட்டத்தை ஆடி, முடித்ததும் முகம் உடைந்து அழுதார். அதைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் அம்மாளும் அழுவார்.

"கடைசியில் எத்தனையாவது?" என்று கேட்டேன்.

"ஆறாவது."

"ஆறாவதுக்கா இந்த அழுகை?"

அன்றைக்கு எனக்கு டீ கிடையாது.

அதே ஸோச்சியில் ஆண்கள் பிரிவு வேறு ரகம். ஹன்யு இரண்டு முறை விழுந்தார். கனடாவின் பாட்ரிக் சானுக்குத் தங்கத்தைத் தட்டில் வைத்து நீட்டியாயிற்று. அவரும் தடுமாறினார், வெள்ளி. கனடா ஆண் எவருக்கும் ஒலிம்பிக் தனிநபர் தங்கம் கிடைத்ததில்லை. ஆர்சருக்கு இரண்டு வெள்ளி, எல்விஸ் ஸ்டோய்கோவுக்கு இரண்டு வெள்ளி, சானுக்கு ஒன்று. இதில் நடுவரைத் திட்ட வழியில்லாததால் அம்மாள் பனியைத் திட்டினார்.

பெய்ஜிங் 2022 பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. விடியற்காலையில் எழுந்து பார்த்தோம். ஊக்கமருந்து விவகாரத்தின் நடுவில் பதினைந்து வயது கமிலா வலியேவா ஆட வந்தாள், விழுந்தாள், மறுபடி விழுந்தாள். அந்த ஒரு தடவைதான் அம்மாள் கால் சுற்று, அரைச் சுற்று எதுவும் சொல்லாமல் இருந்தார். டீவியை நிறுத்திவிட்டு, "குழந்தை" என்றார். அதே விவகாரத்தில் மாட்டிக்கொண்ட குழுப் போட்டியின் பதக்கங்கள் இரண்டரை வருஷம் கழித்து, 2024 ஆகஸ்டில், பாரிஸ் கோடை ஒலிம்பிக்ஸின்போது அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் வழங்கப்பட்டன. வெண்கலம் ஒரே புள்ளி வித்தியாசத்தில் ரஷ்யர்களிடமே தங்கியது. நாலாவது யார் என்று சொல்ல வேண்டுமா? அம்மாளுக்குப் பழைய தெம்பு திரும்பியது அன்றுதான்.

சரி, நினைவிலேயே நிற்காத போட்டி எது என்று ஒரு நாள் கேட்டேன். 1972 ஸப்போரோவைச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அப்போதெல்லாம் பனியில் எட்டுப் போட்டுக் காட்டும் கட்டாயச் சுற்று ஒன்று உண்டு. ஆர்டிஓ முன்னால் நாம் பைக்கில் போடுகிற அதே எட்டு. நடுவர்கள் குனிந்து கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள். ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா அதில் எடுத்த முன்னிலையை வைத்தே, இசைக்கு ஆடும் பகுதியில் ஏழாவதாக வந்தும் தங்கம் வாங்கிவிட்டார்.

"அதையா மறப்பேன்?" என்றார். யோசித்து, "டூரின், 2006, பெண்கள் பிரிவு. சுத்தமாக ஒன்றும் நினைவில்லை" என்றார்.

சுத்தமாக நினைவில்லாத அந்தப் போட்டியை இருபது நிமிடம் சொன்னார். முதல் ஆட்டம் முடிந்தபோது ஸாஷா கோஹன் 0.03 புள்ளி முன்னிலை. பிறகு கோஹன் விழுந்தார். ரஷ்யாவின் ஸ்லுட்ஸ்கயாவும் விழுந்தார். இருவருக்கும் நடுவில் ஜப்பானின் அரகாவா ஷிஸுகா, நீல உடையில், 'டூரண்டாட்' இசைக்கு, விழாமல் ஆடினார். தங்கம். அந்த ஒலிம்பிக்ஸில் ஜப்பான் வாங்கிய ஒரே பதக்கம் அதுதான். வழக்கு இல்லை, இரண்டாவது தங்கம் இல்லை, யாரும் யாரையும் முறைக்கவில்லை. ஐந்துக்கு நான்கும் இல்லை.

சொல்லிக்கொண்டே அம்மாள் எழுந்தார். சமையலறை மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒரு முழங்காலை மடக்கி, இன்னொரு காலைப் பின்னால் நீட்டி, முதுகை வில்லாக வளைத்தார். இடுப்பில் ஆபரேஷன் ஆனவர் என்பதால் நான் பாய்ந்து போய்ப் பக்கத்தில் நின்றேன். இனா பௌவர் என்று அதற்குப் பெயராம். அரகாவா அன்று அப்படியே வளைந்து அரங்கின் குறுக்கே வழுக்கிப் போனாராம்.

"இதற்கு எத்தனை புள்ளி?" என்று கேட்டேன்.

புது முறையில் அதற்குத் தனியாக ஒரு புள்ளிகூடக் கிடையாது.