ஜூரோங் மேற்கின் ரசிக சக்கரவர்த்தி

பூன் லே பேருந்து முனையத்தில் தொடங்கி, ஜூரோங் ஈஸ்ட் தெரு 21இல் அருள்பாலிக்கும் முருகன் கோவில் வரை நீண்டு கிடக்கும் திருநாட்டின் செவிச்செல்வர். புதுக் கலைஞர்களின் பிதாமகர். கவர் பாடல்களின் காவல் தெய்வம். நட்சத்திரக் கச்சேரி எங்கு நடப்பினும் அங்கே திருவோலக்கம் கொண்டருளும் ரசிக சக்கரவர்த்தி. எங்கள் ஜூரோங் ரசிகர் பெருமானின் கீர்த்தியைச் சொல்ல இந்த இதழின் பக்கங்கள் போதா. இச்சிங்கைத் தீவில் சங்கீதம் இன்னும் மூச்சு விடுகிறதென்றால், அது அப்பெருந்தகை நள்ளிரவு தாண்டியும் கண்விழித்துப் பகிர்ந்தருளும் நாற்பத்தைந்து வினாடிக் காணொளிகளால்தான். இது அவரே திருவாய் மலர்ந்த உண்மை. அவர் சொன்ன பிறகு மறுப்பு ஏது?

புதியவர்களைக் கண்டெடுக்கும் அவரது ஞானத்தை முதலில் வியப்போம். பாமர ரசிகர்கள் என்ன செய்வார்கள்? யாரும் அறியாத பிள்ளை ஒன்று ஏதோ ஒரு சமூக மன்றத்தில் பாடுகிறதென்றால் போய் உட்கார்ந்து கேட்பார்கள். நன்றாக இருந்தால் நாலு பேரிடம் சொல்வார்கள். இந்த எளிய வழியில் எங்கள் பெருமான் கால் வைத்ததே இல்லை. பத்து லட்சம் பேர் பார்த்து முடிக்கட்டும் என்று பெருந்தன்மையோடு காத்திருப்பார். பத்து லட்சத்து ஒன்றாவது ஆளாக அவர் திருக்கண் திறக்கும் கணத்தில்தான் அந்தக் கலைஞர் இவ்வுலகில் பிறக்கிறார். “இந்தப் பொண்ணு பெரிய ஆளா வரும்னு நான் அப்பவே சொன்னேன்” என்ற தீர்ப்பு, தே தாரேக் ஆறுவதற்குள் எழுதப்பட்டுவிடும். அடுத்த வாரம் வேறொரு பெண். முந்தைய பெண்ணின் பெயரை நினைவில் சுமக்கும் அற்பத்தனம் அவரிடம் கிடையாது.

புதியவர் யார் என்பதற்கு அவர் வகுத்த இலக்கணமும் நுட்பமானது: அவர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும். இங்கே பிறந்து, இங்கே படித்து, தேசிய சேவை முடித்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் படுக்கையறையில் அம்மா தூங்கிய பிறகு பாட்டுப் பதிவு செய்கிற பிள்ளைகள் இந்த இலக்கணத்துக்குள் அடங்கமாட்டார்கள். 1949 முதல் பாட்டும் வாத்தியமும் நடனமும் கற்றுத்தரும் சிஃபாஸ், 1985இல் லலிதா வைத்தியநாதன் மக்கள் கழகத்தின் கீழ் உருவாக்கிய சிங்கப்பூர் இந்திய இசைக்குழு, எஸ்பிளனேட் ஆண்டுதோறும் நடத்தும் கலா உற்சவம் ஆகிய எதுவும் கண்ணில் பட்டுவிடாதபடி அவர் தம் பார்வையை வங்கக் கடலுக்கு அப்பால் நிறுத்தியிருக்கிறார். பக்கத்தில் இருப்பதை யார்தான் பார்க்கமாட்டார்கள்? பாராதிருப்பதற்கல்லவா தவ வலிமை வேண்டும்.

அந்தத் தவத்தின் சிகரத்தைச் சொல்லியாக வேண்டும். 2019இல் ‘சகா’ என்றொரு படம். அதில் ‘யாயும்’ என்றொரு பாட்டு. செம்புலப்பெயனீரார் பாடிய குறுந்தொகை நாற்பதாம் பாட்டை எடுத்து, இன்றைய இளைஞர் காதில் இறங்கும்படி மெட்டமைத்த பாட்டு. வகுப்பறையில் மனப்பாடப் பகுதியாகக் கிடந்த ஒன்றைப் பிள்ளைகள் தாமாகவே முணுமுணுக்க வைத்தது. அதற்கு வந்த கவர்கள் எத்தனையோ. சென்னைப் பெண் ஒருத்தி கித்தாரோடு பாடிய ஒன்றைப் பார்த்து எங்கள் பெருமான் உருகிப்போனார். கண் துடைத்துக்கொண்டார். “சங்கப் பாட்டை இப்படிப் பண்ணணும்னா அது அங்க இருக்கிறவங்களாலதான் முடியும். நம்ம ஊர்ல இதுக்கெல்லாம் ஆள் ஏது?” என்று அருளினார்.

அந்தப் பாட்டுக்கு இசையமைத்த ஷபீர் சிங்கப்பூர்க்காரர். 2005இல் வசந்தம் ஸ்டார் பட்டம் வென்றவர். தேசிய தினத்துக்கு ‘சிங்கை நாடு’ பாட்டைத் தந்தவரும் அவரே. ஆகஸ்ட் வந்தால் அதற்குக் கொடியசைக்கும் கைகளில் பெருமானின் கையும் ஒன்று. இத்தகைய சில்லறை விவரங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு ரசனையைக் கறைப்படுத்திக்கொள்ளாத தூய்மை வேறு யாருக்கு வாய்க்கும்? சொந்த ஊரான் போட்ட மெட்டுக்கு அழுதுகொண்டே, சொந்த ஊரில் ஆள் இல்லை என்று சொல்வதற்குச் சாதாரண நெஞ்சம் போதாது.

கவர் பாடல்களுக்கு அவர் தந்திருக்கும் வாழ்வோ வாழ்வு! பல்லவி, இரண்டு சரணம், இடையிசை, நடுவே ஒரு புல்லாங்குழல் என்று இசையமைப்பாளர்கள் ஐந்து நிமிடத்துக்கு வீணாக உழைத்துத் தொலைத்திருக்கிறார்கள். கவர் பாடுகிறவர் பல்லவியை மட்டும் கிள்ளி எடுத்து, தாளத்தை உருவிவிட்டு, வேகத்தைப் பாதியாக்கி, ஒவ்வோர் அசைக்கும் ஒரு பெருமூச்சைச் சேர்த்து நீட்டுவார். சரணம் என்ற ஒன்று இருந்ததே தெரியாமல் போகும். பெருமான் உடனே “ஒரிஜினலைவிட இதுதான் டாப்” என்று எழுதி மூன்று இதயம் பொறித்தருளுவார். ஒரிஜினலை அவர் கேட்டதே இல்லையாதலால் இந்தத் தீர்ப்பில் பாரபட்சத்துக்குக் கடுகளவும் இடமில்லை.

பெயர்களைக் கையாள்வதிலும் அவர் மனுநீதிச் சோழனுக்கு நிகர். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர், தொண்டை வலிக்கப் பாடியவர் ஆகிய மூவரையும் சமமாக மறப்பார். அவர் அரசவையில் பாட்டெல்லாம் வாயசைத்தவருக்கே பட்டா: இது எம்ஜிஆர் பாட்டு, இது ரஜினி பாட்டு, இது விஜய் பாட்டு. கண்ணதாசனின் வரியும் எம்.எஸ்.வி.யின் மெட்டும் டி.எம்.எஸ்.ஸின் குரலும் அந்தப் பட்டாவில் புறம்போக்கு. சிங்கப்பூர் நாடாளுமன்றத்துக்கு இந்த நீதி எட்டவில்லை போலும். 2021இல் புதிய காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்து, அவ்வாண்டு நவம்பர் 21 முதல், ஒரு படைப்பைப் பொதுவில் பயன்படுத்துகிறவர் படைத்தவரையும் நிகழ்த்தியவரையும் பெயர் சொல்லி அடையாளம் காட்ட வேண்டும் என்று விதித்துவிட்டது. இந்தியச் சட்டமோ, ஒரு பாட்டின் முதல் ஒலிப்பதிவு உருவான ஆண்டு முடிந்து ஐந்தாண்டு கழியும்வரை உரிமையாளர் சம்மதமில்லாமல் கவர் பதிவு கூடாது என்கிறது. படம் வெளியான வெள்ளிக்கிழமை இரவே கவர் கேட்டு முடிக்கும் பெருமானின் வேகத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் ஈடுகொடுக்கும்?

2017 மார்ச்சில், அனுமதியில்லாமல் தம் பாடல்களை மேடையில் பாட வேண்டாம் என்று இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனது. எஸ்பிபி அப்போது அமெரிக்கக் கச்சேரிப் பயணத்தில் இருந்தார். நண்பர்கள் இருவருக்கும் அது வேதனையான நேரம். நியாயம் இரு பக்கமும் இருந்தது. பெருமானுக்கு ஒரு நொடிகூடத் தடுமாற்றம் இல்லை. “பாட்டு மக்கள் சொத்து!” என்று கர்ஜித்தார். அந்த மக்களில் இசையமைப்பாளரும் ஒருவர் என்ற கணக்கை ஈகையின் உச்சத்தில் அவர் பார்க்கவில்லை. தம் மைத்துனரின் பிரியாணிக் கடைப் பெயரைத் தேக்காவில் வேறொருவர் வைத்தபோது இரண்டு வழக்கறிஞர்களைத் தேடி அலைந்தவரும் இதே வள்ளல்தான் என்பதைச் சொன்னால்தான் அந்த ஈகையின் அகலம் விளங்கும்.

‘எஞ்சாய் எஞ்சாமி’யை அவர் ஏற்றுக்கொண்ட விதத்தைக் காவியமாகவே பாடலாம். 2021 மார்ச்சில் தீ, அறிவு என்ற இரு கலைஞர்கள் பாடி, சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில் வந்த பாட்டு. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். நிலத்தைப் பண்படுத்தியும் நிலமில்லாமல் போனவர்களின் தலைமுறைத் துயரம் அந்தப் பாட்டின் வேரில் இருக்கிறது. ரப்பர்த் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் கப்பலேறி வந்த கொள்ளுத்தாத்தாக்களின் கொள்ளுப்பேரப்பிள்ளைகள்தானே இங்கு நம்மில் பலரும்? பெருமானின் பரம்பரையும் அதுவே. அப்பேர்ப்பட்டவர் ஐந்து நட்சத்திர ஹோட்டலின் கல்யாண விருந்தில், ஒயின் கோப்பையை உயர்த்திப் பிடித்தபடி, அந்தப் பாட்டுக்கு ஆடித் தீர்த்தார். தம் முன்னோரின் ஒப்பாரிக்கு ஒரு துளி சிந்தாமல் இடுப்பை அசைக்க எத்தனை சாதகம் செய்திருக்க வேண்டும்!

2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடங்கியபோது அந்தப் பாட்டு அறிவு இல்லாத மேடையில் ஒலித்தது. யார் எழுதியது, யார் பெயர் விடுபட்டது என்று தமிழ் பேசும் உலகமே வாதிட்டது. பெருமான் இரண்டு நாள் ஒரு பக்கம் நின்று போராடினார். மறுநாள் மறுபக்கம் நின்று போராடினார். அதற்கடுத்த நாள் அதே பாட்டின் கவர் ஒன்றைப் பகிர்ந்தருளினார். அதில் மூவர் பெயரும் இல்லை.

நட்சத்திரக் கச்சேரிக்கு அவர் புறப்படும் உலாவைக் காணக் கண் கோடி வேண்டும். பூன் லேயில் ரயிலேறினால் புவன விஸ்தாவில் ஐயாயிரம் இருக்கை கொண்ட ஸ்டார் தியேட்டர். இன்னும் கிழக்கே போனால் 1989இல் திறந்த உள்விளையாட்டரங்கம். எங்கே ஆனாலும் மூன்றாம் பாட்டு முடியும் தறுவாயில்தான் எழுந்தருளுவார். பத்துப் பேரின் முழங்கால்களை உரசிப் புனிதப்படுத்தி ஆசனம் ஏறியதும் திருக்கைபேசி உயரும். மேடையில் பாடகர் நிற்கிறார். மேடையின் இருபுறமும் பெருந்திரையில் அவர் முகம் தெரிகிறது. பெருமானோ கைபேசியின் சின்னத் திரையில், பெருந்திரையில் தெரியும் பாடகரைத் தரிசிப்பார். இரண்டு திரை கடந்து வந்த பிறகே இசை அவர் உள்ளத்துக்குள் அனுமதிக்கப்படுகிறது. பின்வரிசைக் குடும்பம் காசு கொடுத்து வந்து அவர் முழங்கையைக் கண்குளிரக் கண்டு திரும்புகிறது. அந்தப் பதிவில் பாடகரின் குரல் அடங்கியும், சுருதியைத் துச்சமென மதிக்கும் பெருமானின் குரல் ஓங்கியும் இருக்கும். அதைப் பிறகு அவரும் பார்த்ததில்லை, பிறரும் பார்த்து முடித்ததில்லை.

பாடகர் மைக்கின் அருகே வந்து, “இது நானே எழுதின புதுப் பாட்டு, இன்னும் வெளியாகல” என்று சற்றுத் தயங்கிச் சொல்வார். மிகச் சரியாக அக்கணத்தில் பெருமானுக்குச் சமோசா நினைவு வந்துவிடும். புதுப் பாட்டு முடிந்ததும் திரும்பி வந்து, பத்தாண்டுக்கு முந்தைய ஹிட் ஒன்றின் பெயரைச் சொல்லி அரங்கம் அதிரக் கூவுவார். புதிய கலைஞர்கள் மேல் அவர் வைத்திருக்கும் பாசம் அத்தகையது. கடைசிப் பாட்டை ரயில் கூட்டத்துக்கு முன்பே கிளம்பும் பொருட்டுத் தியாகம் செய்வார்.

இவையெல்லாம் தனியொருவரின் சாதனையல்ல, குலப்பெருமை. சென்னை மார்கழிக் கச்சேரியில் மிருதங்கமும் கடமும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேண்டீனுக்கு எழுந்து போன பெரியோர் இவர் முன்னோர். ‘நேற்று இன்று நாளை’ என்று தமிழில் பெயர் சூட்டி ஏ.ஆர். ரஹ்மான் 2017 ஜூலையில் லண்டன் வெம்ப்ளியில் நடத்திய கச்சேரியில், தமிழ்ப் பாட்டு அதிகம் என்று வெளியேறியவர்கள் இவருக்கு மொழி கடந்த பங்காளிகள். 2023 செப்டம்பர் 10 அன்று, அதே ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ கச்சேரியில் டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் நின்றார்கள். சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலை ஸ்தம்பித்தது. கூட்ட நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் தவித்தார்கள். அந்தக் காணொளிகளை ஜூரோங்கில் சாய்ந்தபடி பார்த்த பெருமான், பின்னணியில் கேட்ட பாட்டு எந்தப் படம் என்று வினவியருளினார். மனிதர்களின் அலறலுக்கு நடுவிலும் பாட்டை விடாத காது!

ஜூரோங்கிலேயே நேரடி இசை இல்லாமலில்லை. கப்பல் பட்டறையில் வாரமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிய ஊழியர்கள் ஞாயிறு மாலை புல்தரையில் கூடி, ஒருவர் வாளியைத் தட்ட, மற்றவர் ஊர்ப் பாட்டு எடுக்க, கூட்டம் கைதட்டும். நேரடி இசையின் காவலரான பெருமான் அந்த வழியே நடந்தபோது, பொது இடத்தில் இரைச்சல் என்று முறையிட உரிய எண்ணைத் தேடினார். டிக்கெட் இல்லாத இசையை இசையென்று ஒப்புக்கொண்டால் அவரது தராசு என்னாவது?

உள்ளூர்ப் பிள்ளைகளிடம் மட்டும் தராசைக் கீழே வைத்துவிட்டு உறவு கொண்டாடுவார். “அண்ணே, சனிக்கிழமை எங்க ஷோ, டிக்கெட் இருபத்தஞ்சு வெள்ளிதான்” என்று ஒரு பையன் செய்தி அனுப்புவான். அரங்க வாடகை, ஒலியமைப்பு, தபேலா வாசிப்பவருக்குக் கொடுக்க வேண்டியது எல்லாம் அந்தப் பையனின் மாதச் சம்பளத்திலிருந்து போகிறது. “நம்ம பையன்தானே நீ! பாஸ் இருக்கா தம்பி?” என்று பதில் வரும். தம்பி நான்கு பாஸ் அனுப்புவான். அன்று தூறல் போடும். நான்கு நாற்காலியும் காலியாக இருக்கும். அந்த வாரமே சென்னை நட்சத்திரத்தின் கச்சேரிக்கு ஆளுக்கு முந்நூறு வெள்ளி கட்டி, அதையும் விலை மலிவு என்று பாராட்டியிருப்பார். நம்ம பையன் என்ற உரிமையின் ஆழத்தை இதைவிட யாரால் காட்ட முடியும்?

பெருமானின் பற்றுறுதிக்கு அரசாங்கமும் ஒரு சோதனை வைத்தது. 2025 செப்டம்பர் 1 முதல், அவ்வாண்டில் 18 வயதை எட்டிய அல்லது கடந்த எல்லாச் சிங்கப்பூரருக்கும் எஸ்ஜி கல்ச்சர் பாஸ் என்று 100 வெள்ளி. உள்ளூர்க் கலை, மரபுடைமை நிகழ்ச்சிகளுக்குச் செலவிடலாம். தம் கைக்காசில் ஒரு வெள்ளியும் குறையாமல், அந்தத் தம்பியின் கச்சேரியை நான்கு முறை முழு விலை கொடுத்துக் கேட்டிருக்கலாம். பெருமான் விதிமுறைகளைப் பொறுமையாக வாசித்தார். சென்னை நட்சத்திரத்துக்கு இது செல்லாது என்று அறிந்ததும் செயலியை மூடினார். அந்த 100 வெள்ளிக்குக் கெடு 2028 டிசம்பர் 31. அன்று நள்ளிரவு வரை அதில் ஒரு காசும் குறையாமல் கட்டிக்காத்துத் திருப்பித் தருவார் என்பதில் எமக்கு எள்ளளவும் ஐயமில்லை.