திரையிலாக் கணினியின் ஜன்மபூமி: ஓர் ஆராய்ச்சி

மானிட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் பெட்டியை ஒரு மூலையில் ஓடவிட்டு, வேறொரு கணினியிலிருந்து அதனை ஏவிப் பணிகொள்ளும் வழக்கம் மேனாட்டாருடையது என்று நம்மவருள்ளும் பலர் மயங்கிக் கிடப்பதால், அதன் ஜன்மபூமி காரைக்காலை அடுத்த தருமபுரமே என்பதை ஸ்தாபிக்க இக்கட்டுரை எழுந்தது. மயிலாடுதுறைக்கு அருகே ஆதீனம் விளங்கும் தருமபுரம் வேறு. இரண்டையும் ஒன்றாக்கி மேற்கோள் காட்டும் பேராசிரியர்களுக்கு என் அநுதாபங்கள்.

திருநீலகண்ட யாழ்ப்பாணரின் தாயார் பிறந்த இவ்வூரில், அவருடைய யாழினால்தான் சம்பந்தரின் பதிகங்கள் பரவுகின்றன என்று சுற்றத்தார் பேச, அது கேட்டு நடுங்கிய பாணர் வேண்டிக்கொண்டபடி யாழில் அடங்காத பதிகமொன்றைச் சம்பந்தர் பாடினார் என்றும், யாழை உடைக்கப் புகுந்த பாணரைத் தடுத்தருளினார் என்றும் சேக்கிழார் கூறுவார். இறைவனுக்கும் யாழ்மூரிநாதர் என்பதே திருநாமம். வெளிக்காட்டும் கருவி ஓய்ந்தாலும் உள்ளியக்கம் ஓயாது என்னும் தத்துவம் இதனின் வேறு யாது?

திரையிலாமை இருவகைத்து: திரை மட்டும் இல்லாமை, திரைக்குப் படம் எழுதும் கிராபிக்ஸ் அட்டையும் இல்லாமை. முன்னதைப் பெட்டி பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. கீபோர்டையும் இழந்த பழைய பெட்டிகளிற் சில, கீபோர்டு இல்லை, தொடர எஃப்1 விசையை அழுத்துக என்று இல்லாத திரையில் எழுதி, இல்லாத விசைக்காகக் காத்திருக்கும். இதனை வேதாந்திகளுக்கு விட்டுவிடுகிறேன். பிரத்தியட்சம் ஒழிந்த இடத்தில் அனுமானமே பிரமாணம் ஆதலின், விசிறி ஒலிப்பது கொண்டு உயிருண்மை துணிக. புகையைக் கொண்டு நெருப்பைத் துணியும் தருக்க நூலாரின் உதாரணத்தை மட்டும் இங்கே ஒருவரும் விரும்பார்.

தூரத்திலிருந்து பெட்டிக்குக் கட்டளையிட உதவும் எஸ்.எஸ்.எச். என்னும் மறைமொழி வழியை 1995இல் பின்லாந்தில் தாத்து யுலோனன் இயற்றினார். அதன் வாயில் எண் 22. நம் பண்ணிசைக்கு அலகும் 22 அன்றோ! 21க்கும் 23க்கும் இடையே அவ்வெண் காலியாக இருந்தமையால் கேட்டுப் பெற்றதாக அவரே எழுதியிருக்கிறார் என்பர். ஆயினும் ஆசிரியன் கருத்தை ஆசிரியனிடமே கேட்டறிவது நம் பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சி நெறிக்கு ஒவ்வாது.

இனி, அட்டையும் இல்லாத பெட்டியின் ஓலம். ஒரு நெடிய ஒலியும் இரு குறிய ஒலியும் எழுப்பிப் பல பெட்டிகள் நின்றுவிடும். நெடில் தனித்து வந்தது நேர், குறில் இணைந்து வந்தது நிரை, ஆகவே கூவிளம். கூவிளமாவது வில்வம், வில்வமாவது சிவபிரானுக்கு உரியது, எனவே பெட்டி சைவசமயத்தது. ஈரொலிக்கும் இடையே இயந்திரம் சற்றே மௌனம் காத்தலின் அவை இணைந்த குறில் ஆகா, தேமாங்காயே என்பார் ஒரு சாரார். அவர்களை, கரையான் தின்ற ஏட்டில் இருந்திருக்கக்கூடிய மூன்றாம் சூத்திரத்துக்கு, எழுதக் கருதி எழுதாமலே விடுத்த விருத்தியுரையின் அடிக்குறிப்பில், பெயர் தெரியாத உரைகாரர் ஒருவர் பதினாறு வகையால் மறுத்திருப்பார் என்பது திண்ணம்.

வேறொரு குலத்துப் பெட்டிகள் எட்டுக் குற்றொலி எழுப்பும். அது நான்கு நிரையசையாகிய கருவிளநறுநிழல். இத்தகைய சீர் செய்யுளில் அருகியே வரும் என்பர். பழைய சாமான் கடையில் வாங்கிய பெட்டிகளில் அடிக்கடி வரும்.