மழித்த தலைகளின் பணிவான விண்ணப்பம்

பெறுநர்: நிறுவன நொடிப்பு வழக்குகளை விசாரிக்கும் மாட்சிமை தங்கிய அமர்வு

பொருள்: கறுப்பு மை பூசி அருளப்பட்ட தீர்வுத் திட்ட நகலுக்கு நன்றி நவிலல் தொடர்பாக

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டம், கடனைத் திருப்பிக் கட்ட இயலாத நிறுவனத்தைக் கலைத்துவிடாமல் வேறொருவர் கையில் ஒப்படைத்துப் பிழைக்க வைக்கும் நோக்கத்துடன் இயற்றப்பட்டது என்பதையும், அவ்வாறு எடுத்து நடத்த வருபவர் யார் யாருக்கு எவ்வளவு தருவார் என்று எழுதிக் கொடுக்கும் ஆவணமே தீர்வுத் திட்டம் என்பதையும், அதில் வராமல் போகும் பாக்கியை வங்கி வட்டாரம் செல்லமாக ‘ஹேர்கட்’ என்று அழைப்பதையும் மாட்சிமை தங்கிய அமர்வு நன்கறியும். தம் தலையில் எவ்வளவு முடி எஞ்சியுள்ளது என்று அறிய ஆசைப்பட்ட செயல்பாட்டுக் கடனீந்தோர், அதாவது வட்டிக்குப் பணம் கொடுக்காமல் சரக்கும் உழைப்பும் கொடுத்துவிட்டுப் பாக்கிக்குக் காத்திருப்போர், அண்மையில் மனுச் செய்தபோது, வணிக இரகசியங்களைக் காக்கும் ஆணையுடன் அவர்களுக்கு ஒரு நகல் வழங்கப்பட்டது.

அந்த நகலைப் பெறுவதற்கு, அதில் உள்ள எதையும் எவரிடமும் வெளியிடுவதில்லை என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எழுதி, நோட்டரி முன் கையொப்பமிட வேண்டியிருந்தது. பிரித்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் கறுப்புப் பட்டைகள். தலைப்புகளும் பக்க எண்களும் தப்பியிருந்தன. செயல்பாட்டுக் கடனீந்தோருக்கு வழங்கப்படும் தொகை என்ற வரிக்கு எதிரே ‘ரூபாய்’ என்பதும், நீண்ட கறுப்புப் பட்டை ஒன்றும், அதற்கப்பால் ‘மட்டும்’ என்பதும் இருந்தன. முழுவதும் மழித்த பின்னும் உச்சிக்குடுமி ஒன்றை விட்டுவைத்த அந்தக் கருணைக்கு நன்றி சொல்லச் சொற்கள் இல்லை. இருந்தாலும் உறுதிமொழிப்படி அவற்றை வெளியில் சொல்ல இயலாது.

இரகசியம் காப்பதற்கு நியாயமான காரணம் உண்டு என்பதை மழித்த தலைகள் மறுக்கவில்லை. நிறுவனத்தை உடைத்து விற்றால் என்ன தேறும் என்று மதிப்பீட்டாளர்கள் கணிக்கும் தொகை கலைப்பு மதிப்பு எனப்படுகிறது. அது ஏலம் கேட்பவர் காதில் விழுந்தால் அதற்கு மேல் ஒரு பிடி சேர்த்துக் கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்வார் என்பதால், அதை இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று நொடிப்புச் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட ஒழுங்குமுறைகளின் 35ஆம் விதி கட்டளையிடுகிறது. ஆனால் அதே சட்டத்தின் 30ஆம் பிரிவு, செயல்பாட்டுக் கடனீந்தோருக்குக் கலைப்பில் கிடைத்திருக்கக்கூடியது, அல்லது திட்டத்தின் மொத்தத் தொகையைச் சட்டம் வகுத்த முன்னுரிமை வரிசைப்படி பங்கிட்டால் கிடைத்திருக்கக்கூடியது, இவற்றுள் எது அதிகமோ அதற்குக் குறையாமல் தர வேண்டும் என்கிறது. நகலில் முதல் எண்ணும் கறுப்பு, இரண்டாம் எண்ணும் கறுப்பு. குறையவில்லை என்று நம்பும் உரிமை மட்டும் முழுமையாக வழங்கப்பட்டுள்ளது. திட்டம் அங்கீகரிக்கப்பட்டு, ஏலம் முடிந்து, வாங்கியவர் ஆலைக்குள் குடிபுகுந்த பிறகும் அந்த எண்ணை எந்த ஏலதாரரிடமிருந்து காப்பாற்ற வேண்டியுள்ளது என்பது எளிய மூளைகளுக்கு எட்டாத தத்துவம்.

இந்தத் திரை எவ்வளவு உறுதியானது என்பதற்கு வீடியோகான் வழக்கு சான்று. 2021 ஜூன் மாதம் அந்தக் குழுமத்தின் 13 நிறுவனங்களுக்கான திட்டத்தை அங்கீகரித்த மும்பை அமர்வு, ஒப்புக்கொள்ளப்பட்ட சுமார் 64,838 கோடி ரூபாய்க் கோரிக்கைகளுக்கு எதிராக 2,962 கோடியே வருவதையும், செயல்பாட்டுக் கடனீந்தோருக்கு நூறு ரூபாய்க்கு 72 காசு வீதமே கிடைப்பதையும் கண்டு, இது முடிவெட்டா, மொட்டையா, முழுச் சவரமா என்று தன் ஆணையிலேயே வியந்தது. சுமார் 2,568 கோடியாகிய கலைப்பு மதிப்பு இரகசியமாயிருந்தும் ஏலத்தொகை அதன் அருகிலேயே வந்து நிற்பது எப்படி என்றும் ஐயுற்று, நொடிப்பு வாரியம் அதை ஆராய வேண்டும் என்றது. 2022 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்த ஒப்புதலை நீக்கியது வேறு கதை. சவரம் செய்யப்படுபவருக்குத் தெரியக்கூடாத எண், கத்தி பிடித்தவரின் கணக்கோடு இவ்வளவு நெருங்கிப் போவது தெய்வச் செயலாகவே இருக்கலாம்.

நிறுவனத்தை நொடிக்கும்வரை நடத்தி, பின் அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்ட இயக்குநர்களும் இரகசிய உறுதிமொழி அளித்துவிட்டுத் தீர்வுத் திட்டங்களைப் பெறலாம் என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சரக்கு கொடுத்தவர்களோ, மொத்தக் கடனில் பத்து விழுக்காடாவது தங்களுடையதாக இருந்தாலன்றிக் கடனீந்தோர் குழுவின் கூட்டத்துக்குள் நுழையவே முடியாது. நுழைந்தாலும் வாக்கு கிடையாது. அட்டைப்பெட்டியும் திருகாணியும் இரகசியமாகக் கொடுக்கப்படவில்லை. பட்டப்பகலில் லாரியில் ஏற்றி, பில் போட்டு, வராத பணத்துக்கு ஜிஎஸ்டியும் கட்டிக் கொடுக்கப்பட்டன. கடன் வாங்கி அந்தச் சரக்கைச் செய்தவர்களின் வீட்டு வாசலுக்கு வங்கி இன்று நோட்டீஸ் அனுப்புகிறது. அதில் ஒரு வரியும் கறுப்பில் இல்லை. ஏமாந்தவனிடம் அவன் ஏமாந்த தொகையையே மறைப்பதற்குப் பெயர் பாதுகாப்பு அன்று, அநியாயம்.

மேற்கண்ட வாக்கியத்தில் பணிவு சற்றுத் தவறிவிட்டது. தலையில் முடியில்லாததால் வெயில் நேரடியாகத் தாக்கியதன் விளைவு என்று கருதிப் பொறுத்தருள வேண்டும்.

ஜெட் ஏர்வேஸ் தொழிலாளர் வழக்கில் 2022ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், அங்கீகரிக்கப்பட்ட திட்டம் அதன்பின் இரகசிய ஆவணமன்று, எனினும் எல்லாருக்கும் காட்ட வேண்டியதில்லை, கோரிக்கையுடையோருக்கு அவர்கள் தொடர்பான பகுதியைத் தரலாம் என்ற வழியைக் காட்டியது. வாடிக்கையாளர் பட்டியல் வேண்டாம், தயாரிப்பு முறை வேண்டாம், போட்டியாளர் கண்ணில் படக்கூடாத எதுவும் வேண்டாம். ‘ரூபாய்’ என்பதற்கும் ‘மட்டும்’ என்பதற்கும் இடையில் உள்ள மை மட்டும் நீக்கப்பட்டால் போதும்.

தீர்வு நடைமுறைச் செலவுகள் மற்றெல்லாக் கடன்களுக்கும் முன்னதாக முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும் என்பது சட்டம். பக்கங்களைக் கறுப்பாக்கிய பேனா அந்தச் செலவில் சேர்க்கப்பட்டு, சவரக் கூலி முதலிலேயே கொடுக்கப்பட்டுவிட்டதா என்ற விவரத்தையும் உடன் தெரிவிக்குமாறு வேண்டப்படுகிறது. அதுவும் இரகசியமெனில் கவலை வேண்டியதில்லை. உறுதிமொழி ஏற்கெனவே எழுதிக் கொடுக்கப்பட்டுள்ளது.