குட்டைக்கு வந்த புத்தி

அமெரிக்காவில் பெரிய கடை வளாகங்களுக்குப் பின்னால் ஒரு குட்டை இருக்கும். கார் நிறுத்துமிடத்தில் விழுந்த மழையைப் பிடித்துவைத்து, ஒரு துளை வழியாக மெல்ல வெளியே விடுவது அதன் வேலை. மற்ற நாட்களில் கனடா வாத்துகளின் ராஜ்ஜியம். பக்கத்தில் வீடு கட்டி விற்பவர் அதற்கு ‘ஏரி’ என்று பட்டம் சூட்டிக் கூடுதல் விலை கேட்பார்.

மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பரில் இந்தக் குட்டைகளுக்குப் புத்தி வைத்திருக்கிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்கோ கெர்கெஸின் குழு, நீர்மட்டம் பார்க்கும் சென்சார், செல்போன் மோடம், தூரத்திலிருந்தே திறந்து மூடும் வால்வு எல்லாம் பொருத்தியது. மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் குட்டை முன்கூட்டியே காலியாகலாம். மழை வந்தபின் வண்டல் அடியில் படியும்வரை நீரைப் பிடித்துவைக்கலாம். எல்லாக் குட்டைகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால், கீழே ஓடையோரம் வீடு கட்டியவர்கள் கதி? அதனால் முறைவைத்துத்தான் திறக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்துக்குத் தலைவர் ஒரு சர்வர். அவரை டீக்கடைக்கு அழைத்துப்போய் நம் பக்கம் சாய்த்துவிட முடியாது.

யோசனையைக் குறை சொல்லவில்லை. புதுக் குட்டை தோண்டுவதைவிட, இருப்பதற்கு வால்வு வைப்பது மலிவு. ஆனால் இணையம் வழியாகப் பறந்துவந்த கட்டளையை, வடிகட்டிக் கம்பியில் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பையும் நாலு மேப்பிள் இலையும் மறித்துவிடும். அப்போது கடவுச்சொல் கேட்காமல் தண்ணீரில் இறங்குபவர் பூட்ஸ் போட்ட நகராட்சி ஊழியர்தான். அந்த பூட்ஸை ‘ஸ்மார்ட்’ என்று சொல்லி யாரும் மானியம் கேட்பதில்லை.